கல்லுக்கு ஒரு சோடா

பழவேற்காட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நின்றால் ஏரி தெரியும். ஏரிக்கு அப்பால் கடல். வீட்டில் பேச்சு ஓய்ந்தால் அலைச் சத்தம் கேட்கும். இவ்வளவு உப்புத் தண்ணீர் சும்மா கிடக்கும் ஊரில், கூடத்து ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடித் தொட்டியில் மூன்று குடம் கடல் நீரை ஊற்றி வைத்து, அது கெட்டுப்போகுமோ என்று விடிந்ததிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

தொட்டி என் கணவருடையது. அவருக்கு மீன்வளம் சம்பந்தப்பட்ட உத்தியோகம். ஒரு முறை ராமேஸ்வரத்துக்கு அருகில் உள்ள மண்டபம் ஊருக்குப் போனவர், இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்த அளவில் ஒரு உயிருள்ள பவளத்தைப் பால் கேனில் போட்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை அவர் அவ்வளவு கவனமாகத் தூக்கிவந்ததாக எனக்கு நினைவில்லை. பார்ப்பதற்குப் பவளம் ஒரு பழுப்பு நிறக் கல். வெயில் ஏறியதும் அதன் மேல் ஆயிரம் சின்ன வாய்கள் பூப்போல விரியும். துணைக்கு ஒரு கோடு போட்ட மீனும் இரண்டு நத்தைகளும் இருந்தன.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா முதல் நாளே கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? கடல வூட்டுக்குள்ள கொணாந்து வெச்சிகினு, அதுக்குக் காத்து வேற அடிக்கிறியா?"

"உள்ளே உயிர் இருக்குக்கா."

"கல்லுலயா?"

"கல் இல்லக்கா, பூச்சி. ஆயிரம் பூச்சி சேர்ந்து கட்டின வீடு."

"வூட்டுல பூச்சி இருந்தா மருந்தடிப்பாங்க. நீ சோறு போடுற."

அன்றிலிருந்து தெருவில் அதற்குக் 'கல்லு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை முகத்துவாரத்தில் ஏற்றத் தண்ணீர் பொங்கும் நேரம் பார்த்து ஒரு பிளாஸ்டிக் கேனில் கடல் நீர் கொண்டுவந்து தரும் வேலையையும் அக்காவே ஏற்றுக்கொண்டாள். "எங்க பாட்டன் பூட்டன்லாம் கடல்லேந்து மீனு கொணாந்தாங்க, நான் கடலையே கொணாறேன்" என்று தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெண்ணுக்கு ஒன்பது மாதம் நடந்துகொண்டிருந்தது. கணவருக்குக் கொச்சியில் மூன்று மாதப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. போகவா வேண்டாமா என்று அவர் தொட்டியைப் பார்த்துத்தான் யோசித்தார். "நான் பார்த்துக்கறேன், போயிட்டு வாங்க" என்று சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் பயம் வந்துவிட்டது. ஆனால் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு ஒரே ஒரு முறைதான் வெளியே வந்தது. பித்தளைக் குடத்தைப் புளி ஏன் பளபளப்பாக்குகிறது என்று மாமியாருக்கு விளக்கியபோது. அவர் காதில் அது விழவில்லை. இப்போதுதான் ஒரு மனிதர் என்னிடம் என் படிப்பைக் கேட்கிறார். மூன்று மாதம் கழித்து அவர் வந்து பார்க்கும்போது கல்லு உயிரோடு இருக்க வேண்டும். ஒரு கல்லையே வளர்க்கத் தெரியாதவள் குழந்தையை எப்படி வளர்ப்பாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானே கேட்டுக்கொள்வேன்.

போவதற்கு முந்தின நாள் அவர் பாடம் நடத்தினார். அந்தப் பூச்சிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணத்தை எடுத்துத்தான் தங்கள் வீட்டைக் கட்டுகின்றன. கட்டக் கட்டத் தண்ணீரின் காரத்தன்மை குறையும். கடலில் குறைந்தால் கடலுக்குத் தெரியாது. நம்முடைய மூன்று குடத்தில் குறைந்தால் அன்றைக்கே தெரியும். அதனால் தினமும் அளந்து பார்த்து, குறைந்ததை ஈடு செய்ய வேண்டும். அளப்பது எனக்குக் கல்லூரியில் பழகிய வேலை. ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் மெத்தில் ஆரஞ்சு ஒரு துளி விட்டால் மஞ்சளாகும். அதில் நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். மஞ்சள் எந்தச் சொட்டில் சிவப்பாகத் திரும்புகிறதோ அதுதான் அன்றைய எண்.

"முப்பது சொட்டு இருக்கணும்" என்றார். "இருபத்தெட்டா இருந்தாலும் அது பொழைச்சுக்கும். முப்பத்திரண்டா இருந்தாலும் பொழைச்சுக்கும். இன்னிக்கு இருபத்தெட்டு, நாளைக்கு முப்பத்திரண்டு, நாளன்னிக்கு மறுபடி இருபத்தெட்டுன்னு ஆடினா செத்துடும். ஒரே நிலையில வெச்சுக்கோ. அவ்வளவுதான்."

ஒரே நிலையில் வைத்துக்கொள்வது என்னும் காரியத்தை அவர் என்னிடம் ஒப்படைத்தார். நான் வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள்.

ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் குழந்தை: எத்தனை மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, எத்தனை ஸ்பூன் உள்ளே போயிற்று, எத்தனை ஸ்பூன் என் புடவைக்கு வந்தது. வலது பக்கம் கல்லு: எத்தனை சொட்டு, எவ்வளவு மருந்து. மருந்து என்பது அவர் விட்டுப்போன ஒரு வெள்ளைத் தூள், ஒரு புட்டி. முதல் மூன்று வாரம் வலது பக்கம் முழுவதும் முப்பது, முப்பது, இருபத்தொன்பது, முப்பது. இடது பக்கம்தான் சரியில்லை. குழந்தை கஞ்சியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டது.

அப்புறம் தூள் தீர்ந்தது. பொன்னேரி வரை போய்க் கேட்டும் அதே தூள் கிடைக்கவில்லை. இருபத்தெட்டு, இருபத்தேழு என்று எண் இறங்கியது. "தூள் தீர்ந்துவிட்டது. இறங்குகிறது, என்ன செய்ய?" என்று கொச்சிக்கு ஒரு இன்லண்டு கடிதம் எழுதிப் போட்டேன். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் எதிரில் வீட்டுக்காரப் பாயம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

பாயம்மா அதே வீட்டின் முன் பகுதியில் இருந்தார். நாங்கள் பக்கவாட்டுத் தெருவைப் பார்த்த பின் பகுதியில். நடுவில் ஒரு முற்றம் இருவருக்கும் பொது. அவர் வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவுவதைத் தினமும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. கல்லு கட்டுவதும் அதே சரக்கு. கிளிஞ்சலை ஏரியிலிருந்து வாரிச் சூளையில் சுடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பொன்னேரிக்குப் பஸ் ஏறியிருக்கிறேன்.

அக்கா மறுநாளே சூளையிலிருந்து சுட்ட கிளிஞ்சல் கொண்டுவந்தாள். முற்றத்தில் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். சீறிக்கொண்டு கொதித்தது. குழந்தையைப் பாயம்மா தூக்கிக்கொண்டு திண்டிவனம் வரை ஓடிவிடுவார்போல உள்ளே ஓடினார். மறுநாள் காலை பானை தெளிந்து, மேலே பாலாடைபோல ஓர் ஏடு படிந்திருந்தது. ஏட்டை விலக்கி, கீழே மண்டியைக் கலக்காமல், நடுவில் இருந்த தெளிநீரை ஒரு டம்ளர் எடுத்தேன். தொட்டிக்கு மேல் பலகையில் டம்ளரை வைத்து, ஒரு பருத்தித் திரியை உள்ளேயும் வெளியேயும் தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. விடிவதற்கு முன் தொடங்கினால் எட்டு மணிக்குள் டம்ளர் காலி.

மூன்றாம் நாள் முப்பது. நான்காம் நாள் முப்பது. என் வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்த ஒரு காரியம் முதல் முறையாகச் சொன்னபடி கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்று இரண்டு பேருக்கும் பாடினேன்.

"கல்லும் வெத்தல போட ஆரம்பிச்சுட்டுதா?" என்றார் பாயம்மா. "கொட்டப்பாக்கு வேணுமான்னு கேளு."

பத்து நாள் கழித்து ஒரு காலை முப்பத்திரண்டு வந்தது. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி பார்த்தேன். முப்பத்திரண்டேதான். அடுத்த நாள் முப்பத்துமூன்று. டம்ளரை அரையாக்கினேன். முப்பத்துநான்கு. அன்றுதான் கொச்சியிலிருந்து பதில் வந்தது. "இறங்கவிடாதே, உடனே ஏற்று" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவர் சொல்வது என் பழைய கடிதத்துக்கு என்று தெரியும். தெரிந்தும் ஒரு நிமிடம் டம்ளரைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். சுண்ணாம்புத் தெளிவை அறவே நிறுத்தினேன். இரண்டு நாள் சொட்டுக்கூட விடவில்லை.

முப்பத்தைந்து.

நான் கொடுக்காமலே ஏறுகிறது! இப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று காலைதான் சுகாதார நிலையத்தில் குழந்தையை எடை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நோட்டின் இடது பக்கத்தில், "நான்கு நாளாக இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. எடை கூடியிருக்கிறது. தராசு சரியில்லை போலும்" என்று எழுதினேன். வலது பக்கத்தில், "கொடுக்கவில்லை. ஏறியிருக்கிறது. அமிலம் வீரியம் குறைந்துவிட்டது போலும்" என்று எழுதினேன். ஒரே பேனாவால், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அமிலத்தின்மேல் வந்த சந்தேகம்தான் வினை. அமிலம் நீர்த்துப்போனால் அதிகச் சொட்டு பிடிக்கும், எண் பொய்யாக ஏறும். அப்படியானால் உண்மையில் எண் ஏறவில்லை. ஏறவில்லை என்றால் நான் இரண்டு நாளாகக் கல்லைப் பட்டினி போட்டிருக்கிறேன்! படித்தவள் தப்பு செய்தால் காரணத்தோடுதான் செய்வாள். மறுநாள் விடியற்காலையில் ஒரு முழு டம்ளர் விட்டேன். பட்டினி போட்ட பாவத்துக்கு இன்னொரு அரை டம்ளரும் விட்டேன்.

அன்று வெயில் ஏறியும் வாய்கள் விரியவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. கல்லின் நெற்றியில், ஒரு பொட்டு அளவுக்கு, எலும்பு நிறம். அளந்து பார்க்கலாம் என்று திரும்பினால், என் பெண் அலமாரியின் கீழ்த் தட்டைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். அவள் பிடிப்பில்லாமல் நின்ற முதல் தடவை அதுதான். மெத்தில் ஆரஞ்சுப் புட்டியைக் கையில் எடுத்திருந்ததால்தான் பிடியை விட்டிருக்கிறாள். நான் 'ஐயோ' என்றதும் சந்தோஷமாகப் புட்டியைக் கீழே போட்டாள்.

தரையெல்லாம் ஆரஞ்சு. அமிலம் பரணில் இருந்தது, அந்த அளவுக்குப் புத்தி இருந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து அழுதேன். இனிமேல் அளக்கவும் முடியாது. மழைக்காலம் தொடங்கி, ஏரித் தண்ணீர் ஆற்று வெள்ளத்தில் தித்திப்பாகிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்திலேயே உப்புக் குறைந்துவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள். அவர் வர இன்னும் ஐந்து வாரம்.

சாயங்காலம் அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"கண்ணு பட்டுச்சு" என்றாள். "தெருவுல போறதுங்க பூரா ஜன்னல்ல எட்டிப் பாத்துகினு போவுது. பாப்பா வேற நின்னுச்சுன்ற. ரெண்டுத்துக்கும் சேத்து சுத்திப் போட்டுரலாம்."

நான் வேதியியல் படித்தவள் என்று சொல்லவேண்டிய நேரம் அது. சொல்லாமல் மஞ்சள் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைத்து, முற்றத்துப் பானையிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துப் போட்டுக் கலக்கினாள். குங்குமச் சிவப்பாக ஆரத்தி திரண்டது. குழந்தையை முற்றத்துப் படியில் உட்கார வைத்து மூன்று முறை சுற்றினாள். சத்தம் கேட்டுப் பாயம்மாவும் வந்துவிட்டார். அவர் முறைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டுக்குள் ஓதி, முதலில் குழந்தையின் நெற்றியிலும் பிறகு தொட்டித் தண்ணீரின் மேலும் மூன்று தடவை ஊதினார்.

அக்கா தட்டோடு தொட்டியைச் சுற்ற வந்தாள். தொட்டி சுவர் ஓரம் இருந்தது. முழுச் சுற்று சுற்ற இடமில்லை. எக்கி, பின்பக்கம் கையை நீட்டியபோது தட்டுச் சாய்ந்து கொஞ்சம் ஆரத்தி உள்ளே விழுந்துவிட்டது.

"அடி ஆத்தி!"

"மெதுவா பிடிக்கக் கூடாதா, பிள்ளே?" என்றார் பாயம்மா. "ஊர்க் கண்ணெல்லாம் இப்ப உள்ளாற போயிருச்சு பாரு."

விழுந்த ஆரத்தி தண்ணீரில் ஒரு சிவப்பு முடிச்சுபோல இறங்கி விரிந்தது. விரிய விரிய மஞ்சளாகியிருக்க வேண்டும். மஞ்சளைச் சிவப்பாக்குவது சுண்ணாம்பின் காரம். நிறையக் கடல் நீரில் விழுந்தால் காரம் நீர்த்து, மஞ்சள் தன் நிறத்துக்கே திரும்பிவிடும். இது திரும்பவில்லை. செம்மண் நிறமாகவே பரவியது.

சமையலறைக்கு ஓடினேன். கேனில் மீதியிருந்த பழைய கடல் நீரை ஒரு டம்ளரில் எடுத்தேன். இன்னொரு டம்ளரில் தொட்டி நீர். இரண்டிலும் ஆரத்தி ஒவ்வொரு துளி. கடல் நீர் பளிச்சென்று மஞ்சளாயிற்று. தொட்டி நீர் காவி.

"அக்கா! இது பட்டினி இல்ல. அளவுக்கு மிஞ்சிப் போச்சு. சுண்ணாம்பு ஏகத்துக்கு ஏறிக் கிடக்கு!"

"எப்புடிச் சொல்ற?"

"ஆரத்தி சொல்லுது."

அக்கா பாயம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள். அதற்குள் என் புத்தி அடுத்த படிக்குப் போயிருந்தது. "நான் ஒரு டம்ளரும் ஒரு அரை டம்ளரும்தானே விட்டேன்? அதுக்கு இவ்வளவு ஏறாதே. ரெண்டு நாள் ஒண்ணுமே விடலையே?"

பாயம்மா வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிறவர்போல இடுப்பைத் தடவினார்.

"அதான் பார்த்தேன்மா" என்றார் கடைசியில். "ரெண்டு நாளா நீ குடுக்கல. பிள்ளைக்கு ஓடி ஓடி ஆக்குற, மறந்திருப்பேன்னு... நீ குளிக்கப் போனப்ப நான் ஒரு டம்ளர் ஊத்தினேன்."

"எந்தப் பானையிலேந்து?"

"அந்தப் பச்சைத் தண்ணி எதுக்கு? என் பெட்டிலேந்து நல்லதா ஒரு உருண்டை கரைச்சு ஊத்தினேன். நான் திங்கற சுண்ணாம்பு. கலப்படமே கிடையாது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். சிரிப்பு நின்றது.

"நீங்களுமாக்கா?"

"நான் இன்னா பெருசா... ஒரு கரண்டி. தெனம் வரும்போது ஒரு கரண்டி. கடல்லேந்து வந்த பொருளு, எங்கூரு சனம் மாதிரி. நீ பாட்டுக்கு டம்ளர அரையாக்கிட்ட. வயித்துக்குப் பத்தாதேன்னு மேல ஒரு கரண்டி சேத்தேன்."

ஆக, முப்பத்திரண்டு வந்ததற்குக் காரணம் அக்காவின் கரண்டி. நான் குறைக்கக் குறைக்க அவள் கூட்டினாள். நான் நிறுத்தியதும் பாயம்மா தொடங்கினார். கல்லுக்கு மூன்று தாய். மூன்று பேருக்கும் தனித்தனி அளவு.

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்து குழந்தையைப் பார்த்தேன். அது படியில் உட்கார்ந்து, எதையோ சுகமாக மென்றுகொண்டிருந்தது.

"பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒரு துண்டு ரொட்டி. டீல நனைச்சு" என்றார் பாயம்மா. "காலைல மட்டும்தான். அப்புறம் சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால ஒண்ணு."

"நான் மடவ மீனு தான். முள்ளு பாத்து, சோத்துல பெசைஞ்சு" என்றாள் அக்கா. "அந்தக் கஞ்சிய எவ துன்னுவா? நீயே துன்னு பாரு."

ஆக, தராசு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சிரிக்க நேரமில்லை. காரம் ஏறிய தண்ணீரைத் தணிக்க வேண்டும். அமிலம் பரணில் இருந்தது. ஆனால் அதை எவ்வளவு விடுவது? குறைந்துவிட்டால் கல்லு அந்தப் பக்கம் விழும். ஒரே நிலையில் வைத்துக்கொள் என்றவர் கொச்சியில் இருக்கிறார், எழுதிப் போட்டாலும் பதில் வர இரண்டு வாரம் ஆகும். அப்போதுதான் பாயம்மா மறுபடி முக்காட்டை இழுத்துவிட்டுத் தொட்டியின் மேல் ஊதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை உண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் பால்போல் வெளுக்கும். மூச்சில் உள்ள கரியமில வாயு சுண்ணாம்பின் காரத்தை அடக்குகிறது. பாயம்மா செய்வதுதான் சரியான வைத்தியம். அவருக்கு மூச்சுதான் போதாது.

"அக்கா, பஸ் நிக்கற இடத்துல சோடாக் கடை திறந்திருக்குமா?"

"உனுக்கு மயக்கமா வருதா?"

"எனக்கில்ல. கல்லுக்கு. கலர் வேண்டாம், இனிப்பு வேண்டாம். வெறும் கோலி சோடா."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். பாயம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். "சரிதானே? கண்டதைத் தின்னு அஜீரணம். அஜீரணத்துக்குச் சோடாதானே குடுப்பாங்க?"

நான்கு புட்டி வந்தது. அக்கா கட்டை விரலால் கோலியை அழுத்த, 'கிய்ங்' என்று ஒவ்வொன்றும் திறந்தது. ஒரு ஸ்பூன் சோடாவைக் காற்றுக் குழாய் கலக்கும் இடத்தில் விட்டேன். டம்ளரில் தொட்டி நீர் எடுத்து ஆரத்தி ஒரு துளி. காவி. இன்னொரு ஸ்பூன். இன்னொரு துளி. பாயம்மா டம்ளரைக் கழுவிக் கொடுத்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறம் பார்த்தாள். "செவப்பு... செவப்பு... இன்னும் செவப்புதான்... யம்மா, கொஞ்சம் எளகுது!" ஒன்றரைப் புட்டியில் ஆரத்தி மஞ்சளாயிற்று. மீதி இரண்டரைப் புட்டியை நாங்கள் மூவரும் குடித்தோம். எங்களுக்கும் அஜீரணமாகத்தான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் மறுநாள் வாடைக் காற்றில் படகை வெளியே எடுத்தபோது, முகத்துவாரத்தின் கலங்கலைத் தாண்டி, நீலத் தண்ணீரில் இரண்டு கேன் முகந்துகொண்டு வந்தார். மழைக்காலத்தில் அவ்வளவு தூரம் போய் மீன் இல்லாமல் தண்ணீரோடு வந்ததற்காகக் கரையில் அவரை வெகு நாள் கேலி செய்தார்களாம். அந்த நீரைத் தினம் ஒரு சொம்பு வீதம் மாற்றினேன். ஒரே நாளில் மாற்றத் துடித்த கையை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். யோசனை அக்காவுடையது. பால்காரி வாடிக்கை வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துவிட்டுப் போவதைப்போல, கல்லுக்கு யார் கொடுத்தாலும் ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. "எழுதினா எனுக்குப் படிக்கத் தெரியாது, பாயம்மாக்குக் கண்ணு தெரியாது, உனுக்கு எழுதினது ஞாபகம் இருக்காது. புள்ளிதான் செரி" என்றாள். அதற்குக் கீழே, ஓர் அடி தள்ளி, குழந்தைக்கு ஒரு வரிசை.

கணவருக்கு நடந்ததை எழுதவில்லை. "இங்கு எல்லோரும் நலம்" என்று எழுதினேன். எல்லோரும் என்பதில் யார் யார் என்று சொல்லவில்லை.

அவர் வந்தது மார்கழிக் குளிரில் ஒரு காலை. அக்கா மீன் கூடையோடு உள்ளே இருந்தாள். பாயம்மா குழந்தையோடு முற்றத்தில். பெட்டியை வைத்தவர் நேராக ஜன்னலுக்குப் போனார். கல்லில் மூன்றில் ஒரு பங்கு வெளுத்து, எலும்பாகிவிட்டிருந்தது. மீதி பழுப்பாக, வாய்களை விரித்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பில் முதல் வார்த்தையைத் தேடினேன்.

"அளந்து பார்க்கலாமா?" என்றார். பெட்டியிலிருந்து ஒரு புதிய மெத்தில் ஆரஞ்சுப் புட்டியை எடுத்தார்.

ஐந்து வாரமாக எண் தெரியாமல், ஆரத்தியை நம்பி வளர்த்திருக்கிறேன். என்னால் பார்க்க முடியவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா கூடையை விட்டுவிட்டு அருகில் போய் நின்று, மீன் எண்ணும் வழக்கப்படி உரக்க எண்ணத் தொடங்கினாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

இருபது வரை அவள் குரலில் விளையாட்டு இருந்தது. இருபத்தைந்தில் குரல் இறங்கியது. பாயம்மா உள்ளே வந்து என் தோளில் கை வைத்தார். "இருவத்தெட்டு... இருவத்தொம்போது... சார், திரும்புது சார்... முப்பது!"

"முப்பது" என்றார் அவர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எதால வெச்சிருந்தே? தூள்தான் அப்பவே தீர்ந்துபோச்சுன்னு எழுதினியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவும் பாயம்மாவும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சுண்ணாம்பு, ரொட்டி, கரண்டி, சோடா எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன. அவருக்குப் பாதி புரிந்திருக்கும். சிரித்தார். வெளுத்த பகுதியின் ஓரத்தில் பழுப்பு நிறம் ஒரு நூல் அளவுக்கு மேலேறி வருவதைக் காட்டி, "பாரு, மறுபடி மூடுது" என்றார். பிறகு, கொச்சியிலிருந்து வாங்கிவந்த வெள்ளைத் தூள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு ஸ்பூன் எடுத்துத் தொட்டிக்கு மேல் நீட்டினார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"சார், செவுத்தைப் பாரு சார்! காலைல புள்ளி வெச்சாச்சு!"

அவர் சுவரைப் பார்த்தார். வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஸ்பூனைப் பொட்டலத்துக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்று மாலை குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தேன். முதல் ஸ்பூனையே துப்பியது. சுவரில் கீழ் வரிசையைப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நான்கு புள்ளிகள் இருந்தன. ஒன்று புதிதாக, மற்றவற்றைவிட உயரத்தில் வைத்த புள்ளி. அது அவருடையது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துப் படியில் உட்கார்ந்து கஞ்சியை நானே குடித்தேன். அக்கா சொன்னது சரி. அதை யாராலும் தின்ன முடியாது.